கல்லறைக்குப் போகாத சட்டை

சட்டை காயவில்லை. சித்திரை வெயிலில், நெருப்பெரிச்சல் என்கிற இந்தப் பனியன் கம்பெனி ஊரில், இது நடக்கிற காரியமே அல்ல. பிழிந்து போட்ட பனியன், காபி ஆறுவதற்குள் மொறமொறத்துவிடுகிற ஊர் இது. கொடியில் சேலையும் துண்டும் எப்போதோ உலர்ந்து படபடக்க, மகன் ஜெனிஸ்டனின் நீலச் சட்டை மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. ரோஸ்மேரி அதை நனைக்கவே இல்லை. பெட்டிக்குள் புழுங்கிக் கிடக்கிறதே என்று வெயில் காட்டத்தான் போட்டிருந்தாள்.

“ஏன் கண்ணு, அதெ மட்டும் புழியாமப் போட்டுட்டியா? வாசலெல்லாம் ஈரமாக் கெடக்குது பாரு” என்றாள் வீட்டுக்காரி வேலாத்தாள்.

“மறந்துட்டேம்மா” என்று பொய் சொல்லிவிட்டு, சட்டையை உள்ளே எடுத்து வந்து, ஈர விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் தண்ணீர்.

கணவன் கஸ்பார் அருள்புரத்துக் கம்பெனியிலிருந்து போன் செய்தான். ஓவர்டைம், வர நேரமாகும் என்றவன், வழக்கம்போல கடற்கரையிலிருக்கும் சொந்த ஊர்ப் பேச்சை எடுத்தான். “போயிருவோமா ரோஸு? அங்க காத்து சும்மா கெடைக்கும். கரைக்குப் போனா கொழம்புக்கு மீனு. இங்க குடிக்கத் தண்ணிக்கும் லாரியப் பாத்துல்லா நிக்கோம்.”

“கதவுக் கீலு ஆறு மாசத்துல துருப்புடிச்சு உதிரும். புயலுன்னா பாயச் சுருட்டிட்டுக் கோயிலுக்கு ஓடணும். பெத்த புள்ளையையும் குடுத்தாச்சு. இன்னும் என்ன வேணுமாம் அந்தக் கடலுக்கு?”

அவன் போனை வைத்துவிட்டான். அவனுக்கு ஒன்று தெரியாது. படகு திரும்பி வந்தது, மகன் வரவில்லை. உடம்பு கிடைக்காவிட்டால் அவன் உடுத்திய துணியையாவது மண் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆள் அடங்கமாட்டான் என்பது அவர்கள் ஊர் வழக்கம். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, சவப்பெட்டிக்குள் அவன் ஒருநாளும் போடாத, மடிப்புக் கலையாத புதுச் சட்டையை வைத்தவள் ரோஸ்மேரி. வியர்வை வாசம் மாறாத இந்த நீலச் சட்டையை மடியில் ஒளித்துக்கொண்டாள். கொடுக்க மனம் வரவில்லை. பெற்ற வயிறு, என்ன செய்யும்?

பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. பகலும் இரவும் ஓயாத பக்கத்து நிட்டிங் மெஷின்கள் ஒரே நேரத்தில் அடங்கின. அந்த அமைதிக்குள் வலையும் டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை, வாசல்படி ஏறி, அடுப்படி வரை மெல்லப் பரவியது. பிறகு ஓசை. ஈரக் கால் சிமெண்டுத் தரையில் ஒட்டிப் பிரியும் ஓசை. வாசலில். கதவருகே. உள்ளே.

“அம்மா.”

பயமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் அவனுடையது.

“என் சட்டையத் தாம்மா. நான் போய்ப் படுக்கணும். குளுருது.”

கொடுத்தால் போய்விடுவான். அடங்கிவிடுவான். திரும்ப வரவே மாட்டான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சட்டையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“இரு மக்கா. ஈரம் போனா குளுராது. அம்மா தொடச்சு உடுதேன்.”

கட்டிலடியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணித் துண்டுகளைக் கை நிறைய அள்ளினாள். தலையைத் துவட்டினாள். முடி துணியோடு வந்தது. வேறு துணி எடுத்தாள். கன்னத்தை ஒற்றினாள். கன்னம் வந்தது. சின்ன வயதில் துடைத்துவிடுவது போலவே, மெதுவாக, அழுதுகொண்டே துடைத்தாள். நெற்றி. மூக்கு. கண் இருந்த இடம்.

உதடு மட்டும் மீதி இருந்தது.

“வலிக்குதும்மா. சட்டையத் தா.”

“கொஞ்சந்தான் மக்கா. காஞ்சிரும்.”

ரோஸ்மேரி அடுத்த துணியை எடுத்தாள்.