மண்நினைவியின் ஆழம்

விருதுநகர் எண்ணெய்ச் சந்தையில், ரொஸ்மினா கொண்டுவந்த பாமாயிலில் ஒரு துளியை மண்நினைவிக் கருவி உறிஞ்சிக்கொண்டது. திரையில் ‘காடு’ என்று விழுந்ததும் எண்ணெய் வியாபாரிகள் சங்கத் தலைவர் தனுஷ்கோடி அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஒரு நிலத்தில் முன்பு என்ன இருந்ததோ, அதன் சுவடு வேர் வழியே ஏறி விளைச்சலில் தங்கிவிடுகிறது. எண்ணெயோ வத்தலோ, துளியளவு போதும். மண்நினைவி படித்துச் சொல்லிவிடும். முன்பு இருந்ததை அழித்து விளைந்த சரக்கென்றால் சந்தை தள்ளிவிடும்.

“எங்க அப்பா பொறக்குறதுக்கு முன்னாடி வெட்டுன காடு அண்ணாச்சி,” என்றாள் ரொஸ்மினா. சுமத்ராக்காரி. அவள் பேச்சைத் தமிழாக்கிய மொழிமாற்றி, தமிழ் கற்றது இதே பஜாரில். “மத்த நாட்டுல முப்பது வருஷந்தான பாக்காங்க?”

“மத்தவங்க என்னமும் பாக்கட்டும். மண்ணு மறக்காது தாயி.”

அண்ணாச்சிக்கு இதில் தனிப் பெருமை. பணக்கார நாடுகள் மாநாடு மேல் மாநாடு போட்டுக் கத்தியும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகக் காடு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் வாங்கிய எண்ணெய் கொஞ்சம். பெரும்பங்கை வாங்கியவர்கள் நாம். ‘காடு அழிக்காத எண்ணெய்’ என்று நம்மூர்ப் பரோட்டாக் கடைகள் பலகை மாட்டியதும் சுமத்ராவில் தீ அணைந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம். அதோடு விட்டிருக்கலாம். கைதட்டல் கேட்ட மனுஷன் நிற்பாரா? சங்கத் தலைவரானதும் மண்நினைவி பின்னோக்கிப் பார்க்கும் ஆழத்தை முப்பதிலிருந்து நூறாண்டுக்குத் திருப்பினார். பின்னால் எவனும் குறைத்துவிடக் கூடாதென்று பூட்டியும் வைத்தார்.

“சரக்கைத் திருப்பிட்டா எங்க ஊரே தெருவுல நிக்கும் அண்ணாச்சி.” அவள் குரல் உடைந்தது. மொழிமாற்றி அதை மாற்றவில்லை.

“பாதி நிலத்தைக் காட்டுக்கே விட்டுருங்க. விட்டா மண்நினைவி ஏத்துக்கிடும். அதுக்கும் விதியில வழி வச்சிருக்கேன்,” என்றார் அவர்.

அவள் ஊர் அழுதுகொண்டே விட்டது.

சில ஆண்டுகள் கழித்து ரொஸ்மினா மறுபடி வந்தாள், இம்முறை வாங்குபவளாக. பாதி நிலம் காடானபின் பிழைப்புக்கு அவள் ஊரார் மிளகாய் அரைத்துச் சம்பால் என்ற காரத் துவையல் செய்யும் ஆலை தொடங்கியிருந்தார்கள். அண்ணாச்சியின் நிலத்து வத்தலுக்குக் காரத்தில் ஈடு கிடையாது. அண்ணாச்சிக்கும் அவள் வந்தது தெய்வம் வந்த மாதிரி இருந்தது. நூறாண்டுக் கணக்கில் சரக்கைக் கழித்துக் கழித்து எண்ணெய் வரத்தே நின்றுபோய், அவருக்கு மிஞ்சியிருந்த வியாபாரம் அந்த வத்தல்தான்.

வீட்டுக் கிடங்கில் நெடி தாங்காமல் எல்லோரும் தும்மினார்கள். அண்ணாச்சியின் மருமகள் மகிழினி ஒரு வத்தலைக் கிள்ளி மண்நினைவியில் போட்டாள். திரையில் ‘கண்மாய்’ என்று விழுந்தது.

“அட, இதென்ன கூத்து!” அண்ணாச்சி எழுந்துவிட்டார். “அது தண்ணியில்லாத கண்மாய் தாயி. எங்க அப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே தூர்த்தாச்சு...” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மருமகள் பக்கம் திரும்பினார். “முப்பதுக்குத் திருப்பும்மா.”

“திரும்பாது மாமா. நீங்க பூட்டுன பூட்டு.”

ரொஸ்மினா சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “சம்பாலை இந்தச் சந்தையிலதான் விக்கப்போறேன் அண்ணாச்சி. உங்க மண்நினைவி தள்ளுற வத்தலை நான் எப்படி வாங்க?”

அண்ணாச்சி கிள்ளிய வத்தலின் மிச்சத்தை மூட்டைக்குள் திருப்பிப் போட்டார்.

“பாதியை விட்டுருங்க,” என்றாள் மெதுவாக. “முதல்ல வயிறு எரியும். அப்புறம் பழகிரும்.”

மகிழினி பழைய வரைபடத்தைத் திரையில் விரித்தாள். கண்மாயில் பாதியைத் திருப்பித் தருவதென்றால் தண்ணீர் தேங்கும் பள்ளப் பாதியைத்தான் தர முடியும். மிளகாய் நிலம் மேட்டில் இருந்தது. பள்ளத்தில் இருந்தது இந்தக் கிடங்கும், அதை ஒட்டி அவர் ஆசை ஆசையாகக் கட்டிய வீடும்.

அண்ணாச்சி கிடங்குச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“ஐப்பசி மழைக்குள்ள சாமானையெல்லாம் மேட்டுக்கு ஏத்திரலாமாம்மா?” என்று மருமகளைக் கேட்டார்.