தையற்காரர் வீட்டு நிலைக்கால்

இரண்டாம் மாடி தாண்டும்போதே ஃபெய்காவுக்குக் காப்பி மணத்தது. வேரை வறுத்துக் கொதிக்கவைக்கும் கசப்பு வாடை இல்லை, அசல் காப்பி. ஜெர்மானியர் ப்ரஸ்ஸல்ஸைப் பிடித்து மூன்று வருடம் ஆகப்போகிறது, இந்தத் தெருவில் அந்த வாசனையையே எல்லோரும் மறந்தாயிற்று. தையற்காரர் ஷ்முல் வீட்டிலா காப்பிக்கொட்டை? ரொட்டிக்கே சிங்கி அடிக்கிற குடும்பம்.

அவள் நின்றாள். கையைப் பிடித்திருந்த ஐந்து வயது தெவோராவும் நின்றாள். யூதப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து வாங்கி, கிறிஸ்தவப் பெயர் சூட்டி, கிராமத்துக் கன்னிமடத்தில் ஒளித்துவைப்பதுதான் ஃபெய்காவின் வேலை. அவளும் யூதப் பெண்தான். அடையாள அட்டை மட்டும் பொய். தெவோராவை மூன்று வாரம் தன் அறையில் வைத்துப் பழக்கியிருந்தாள். இப்போது ஷ்முலின் கைக்குழந்தையையும் வாங்கிக்கொண்டு நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

மேலே தையல் இயந்திரம் ஓடவில்லை. குழந்தை சிணுங்கவில்லை. யாரோ நாற்காலியை மெல்ல நகர்த்தினார்கள், பூட்ஸ் காலின் கனத்தில் தரைப்பலகை ஒருமுறை முனகி அடங்கியது, கதவிடுக்கு வெளிச்சத்தை ஒரு நிழல் மெதுவாகத் தாண்டிப்போனது. திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தாள். கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம். சாவி திரும்பும் சத்தம்.

பிள்ளையிடம் குனிந்தாள்.

"கண்ணு, உன் பேரு என்ன?" காதோரம் கேட்டாள்.

"மரி."

"நான் யாரு?"

"ழான் அத்தை."

கதவு திறந்தது. சீருடை இல்லாமல் சாதாரண கோட்டு போட்ட ஜெர்மன் ரகசியப் போலீஸ்காரன், கையில் கோப்பையோடு.

"வாங்க மேடம். குளிர்ல ஏன் நிக்கிறீங்க?"

உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

"கோட்டு தைக்கக் குடுத்து ரெண்டு மாசமாச்சுங்க. நாளைக்கு, நாளைக்குன்னே இழுத்தடிக்கிறாரு."

"இனிமே கிடைக்காது. குடும்பத்தோட ரயில்ல ஏத்தி அனுப்பியாச்சு. இந்த ஆளுங்ககிட்டப் போய்க் குடுத்தீங்களே, உங்களைச் சொல்லணும்." அவள் நீட்டிய அட்டையைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "பாப்பா பேரென்ன?"

"மரி."

"ஜெபம் சொல்லு, பாப்போம்."

தெவோரா சிலுவை போட்டு, ஒரு சொல் பிசகாமல் பரலோக மந்திரத்தை ஒப்பித்தாள்.

"சமத்து. போங்க மேடம், கீழ திறந்துவிடச் சொல்றேன்."

அட்டையைப் பைக்குள் வைத்தாள். ஷ்முலின் குழந்தையை நினைத்தால் நெஞ்சு அறுந்தது. இந்த ஒன்றாவது பிழைக்கட்டும்.

வாசலில் கை இழுபட்டது.

தெவோரா நிலைக்காலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யூத வீடுகளில் வேதவரி வைத்த சிறு கூட்டை அங்கேதான் பதிப்பார்கள். தாண்டும்போது தொட்டு விரலை முத்தமிடுவார்கள். ஷ்முல் கூட்டைக் கழற்றிவிட்டிருந்தார். சாய்வாக ஒரு வெளிறிய தடம் மட்டும், இரண்டு ஆணித்துளை. தெவோரா வீட்டிலும் அப்படித்தான். வெறும் தடத்தைத் தொடுவதற்கே அவள் அப்பா தினமும் அவளைத் தூக்கிப்பிடிப்பார். ஃபெய்கா பேரை மறக்கவைத்தாள், ஊரை மறக்கவைத்தாள். இதை மறக்கவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளை எம்பினாள். எட்டவில்லை.

"வா." இழுத்தாள். வரவில்லை.

பின்னால் கோப்பையை வைக்கும் சத்தம். நிதானமான காலடி.

"எட்டலியாடா தங்கம்?"

குனிந்தான். தூக்கினான்.

தெவோரா தடத்தைத் தொட்டாள். விரலை முத்தமிட்டாள். பிறகு, அப்பாவிடம் செய்வதுபோல, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.