வேலை கொடுக்கக் கூடாதவர்கள்

வேலை முடிந்ததற்குச் சாட்சியாக ஆபீசுக்கு வந்திருந்த போட்டோவை ரேணுகா மூன்றாவது முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பன்னிரண்டாம் பாத்தியில் உப்பு வாரிக் குவிக்கப்பட்டிருந்தது. குவியல் ஈரம் காயாமல் மினுங்கியது. வேலை முடிந்த நேரம் பகல் ஒன்று பத்து. மரக்காணத்தில் அந்த நேரத்துக்கு எவனும் உப்பளத்தில் இறங்கமாட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறிவிடுவார்கள், அதற்குமேல் நின்றால் வெயில் ஆளைச் சுருட்டிவிடும். வேலையை முடித்தவர் பெயர் வெங்கடாசலம் என்று இருந்தது. அப்படி வெயிலில் சுருண்டுதான் அவர் பங்குனியில் செத்துப்போனார்.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. தப்பு தன்னுடையதோ என்றுதான் தோன்றியது.

கம்பெனியில் யாருக்கு எந்தப் பாத்தி என்று பிரித்துக் கொடுப்பது இப்போது ஓர் ஏஐ ஏஜென்ட். அது எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு டூலுக்கும் விளக்கம் எழுதுவது ரேணுகாவின் வேலை. இந்த டூல் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்று எழுத வேண்டும். மனிதருக்குப் பாதி சொன்னால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். இதற்கு ஒரு வரி விட்டுப்போனாலும் போச்சு. ‘வேலை ஒதுக்கு’ என்ற டூலுக்கு அவள் எழுதியது, ‘பட்டியலில் கையில் வேலை இல்லாதவருக்குக் கொடு’ என்பது மட்டும்தான். வெங்கடாசலத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. செத்தவரைவிட வேலை இல்லாதவர் யார்?

இந்த உத்தியோகம் நிலைத்தால் தங்கை மலர்கொடியை உப்பளத்திலிருந்து கரையேற்றிவிடலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அப்பா போனபிறகு ஒருத்திக்கு ஒருத்திதான். மலர்கொடியின் பாதங்கள் உப்பில் வெடித்து வெடித்துக் காய்த்துப்போயிருந்தன.

மேனேஜர் குத்புதீன் பாய் போனில் வந்தார்.

“ஏம்மா ரேணுகா, மௌத்தா போனவருக்கு வேலை போட்டிருக்குது உன் மெஷினு.”

“பாத்தேன் பாய். ஆனா வேலை முடிஞ்சிருக்குதே, யாரு செஞ்சது?”

“எவனாவது அவரு பேர்ல ‘முடிஞ்சுது’ன்னு போன்ல அமுக்கியிருப்பான். நீ ஒழுங்கா புரியிற மாதிரி எழுதிப் போடும்மா. ஓனரு பாத்தா என்னைத்தான் கேப்பாரு.”

போன் வைத்தபிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது. தலைக்குமேல் ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் படக் படக்கென்று விரிந்தது, ஜன்னல் வழியாக வந்த காற்றில் சேறும் பாசியும் கலந்த உப்பளத்து வாடையோடு பழகாத இன்னொரு வாடையும் இருந்தது, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது. வெளியே பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெள்ளை. கண் கூசி நீர் வந்தது.

அவள் தட்டச்சு செய்தாள். ‘இறந்தவர்களுக்கு வேலை கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் திரும்ப எடுத்துவிடு.’

படித்துப் பார்த்தாள். குழப்பமே இல்லை. சேமித்தாள்.

திரையில் ஒரே ஒரு பெயர்தான் வரும் என்று காத்திருந்தாள். வெங்கடாசலம். வேலை திரும்பப் பெறப்பட்டது. சரி. அதன்கீழே இன்னொரு வரி வந்தது. அசோகன். நேற்றுகூட இந்த ஜன்னலோரம் நின்று அவளிடம் சார்ஜர் கேட்டவர். அடுத்து சகாயசெல்வி. ஜான்சி. இன்னும் இரண்டு பேர்.

ஏழாவது, மலர்கொடி.

ரேணுகா ஏஜென்டிடம் கேட்டாள். ‘இவர்கள் இறந்தவர்கள் என்று எப்படி முடிவு செய்தாய்?’

பதில் உடனே வந்தது. ‘நீங்கள் எழுதிய வரி தெளிவாக இருந்தது.’

அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள். முதல் ரிங்கிலேயே மலர்கொடி எடுத்தாள்.

“எங்கடி இருக்க?”

“பாத்திலதான் அக்கா.”

“மணி ரெண்டாவுது. இந்த வெயில்லயா?”

“வெயிலா?” என்றாள் மலர்கொடி. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “வேலை இல்லன்னு போன்ல வந்துச்சுக்கா. ஏழு பேரும் சும்மா நிக்கிறோம். வெங்கடாசலம் அண்ணன் ஒன்னத்தான் கேக்கச் சொல்றாரு.”

ரேணுகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வேலை இல்லன்னா நாங்க போயிடணுமாக்கா?”

“எங்கடி போவீங்க?”

மலர்கொடி யோசித்தாள். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. காற்று மட்டும் கேட்டது.

“தெரியல. ஆனா போனா வர முடியாது போலிருக்குது. நீ சொல்லு. நீ சொன்னா போயிடுறேன்.”

ரேணுகா ஜன்னலருகே போனாள். கண்ணை இடுக்கினாள். வெள்ளை. பிறகு கோடுகள். ஏழு கோடுகள். வரிசையாக நின்று ஆபீசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்றவள் ஒரு கையால் போனைக் காதில் வைத்திருந்தாள். நீலச் சட்டை. காலையில் ரேணுகா மடித்துக் கொடுத்த சட்டை.

“இருடி,” என்றாள். “அங்கயே இரு.”

மேசைக்கு வந்தாள். அந்த இரண்டு வாக்கியங்களையும் பார்த்தாள். அழிக்கும் பட்டனை அழுத்தினாள். எழுத்து எழுத்தாகப் போயின. சேமித்தாள்.

“வந்துடுச்சுக்கா!” போனில் மலர்கொடி சந்தோஷமாகச் சொன்னாள். “பதிமூணாம் பாத்தி.”

ஏழு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். உப்பு வாரும் ஏழு பலகைகள். இழுத்தார்கள். தள்ளினார்கள். இழுத்தார்கள். கணுக்கால் அளவு உப்புநீரில் மலர்கொடி முன்னும் பின்னும் நடந்தாள்.

தண்ணீர் அசையவே இல்லை.