கணக்கு வீட்டில் இருப்பவள்

ஜனவரியில் வடக்கு டகோட்டாவில் மாலை நான்கரை மணிக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும். வீட்டுக்கார அம்மா ஆர்டிஸின் வீட்டு முன் நான் காரை நிறுத்தியபோது, எஞ்சின் உறைந்துபோகாமலிருக்கக் காரில் சொருகும் மின்கம்பி எனக்காகவே பனியின் மேல் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

நான் வரப்போவதாக அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த வீட்டு மாடியறைக்கு மூன்று வருடங்களாக வாடகை கட்டிவந்தேன். ஒரே ஒருமுறை வந்து, பத்து நிமிடம் நின்று பார்த்து, சாவியை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு இரவுகூட அங்கே தூங்கியதில்லை.

நான் பயண நர்ஸ். ஆள் போதாத ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறதோ அங்கே பதின்மூன்று வாரம். பிறகு வேறொரு ஊர், வேறொரு கட்டில். எங்கள் சம்பளத்தில் மணிக்கூலி சிறியது. பெரும்பகுதி தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்று வரியில்லாமல் வரும். அப்படி வரவேண்டுமானால், திரும்பிப் போய் வாழ நமக்கென்று ஒரு வீடு வேறெங்காவது இருக்கவேண்டும். எங்களுக்குள் அதைக் கணக்கு வீடு என்போம்.

இந்த வழியைக் காட்டியவள் என்னோடு வேலை பார்த்த க்வெண்டா. "வாடகைச் சீட்டு இருந்தா போதும், கொரின். வீடு இருக்கணும், அவ்வளவுதான். அதுல நீ இருக்கியான்னு யார் வந்து பார்க்கப் போறாங்க?"

வரித்துறை பார்க்க விரும்பியது. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளில் நான் அந்த அறையில்தான் வாழ்ந்தேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அந்த வாரங்களையெல்லாம் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மலிவு விடுதிகளில் நான் தூங்கிக் கழித்திருந்தேன்.

அத்தாட்சி இல்லையென்றால் மூன்று வருட வரியும் அபராதமும். ஒரு சின்ன வீடு வாங்குவதற்காகச் சேர்த்த பணம் மொத்தமும் அதில் போய்விடும். எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் பத்து வருடம் அடுத்தவர் கட்டில்களில் தூங்க என்னிடம் தெம்பு இல்லை. எனவே ஆர்டிஸிடம் ஒரு பொய்க் கையெழுத்துக் கேட்க வந்திருந்தேன்.

அவர் கதவைத் திறந்தார். ஆச்சரியப்படவில்லை.

"ஷூவைக் கழட்டு. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

"ஆர்டிஸ், நான் கொரின். மாடியறைக்கு வாடகை..."

"தெரியாமலா? வாரத்துல நாலு நாள் என் சூப்பைக் குடிக்கிற. ஒரு நாளாச்சும் கிண்ணத்தை அலசி வெச்சிருக்கியா, பொண்ணே?"

வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதியும் இருந்தது. குழம்பியவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். அப்படி நினைத்தவளும் நான்தான்.

நான் எழுதிக் கொண்டுவந்திருந்த அத்தாட்சிக் கடிதத்தை நீட்டி, அதில் இருப்பது பொய் என்பதையும் சொன்னேன். படித்துவிட்டு அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதுல என்ன பொய் இருக்கு? நீ இங்கதானே இருக்க. காலண்டரைப் பாரு."

சமையலறைச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வருடக் காலண்டர்கள் தொங்கின. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் அன்று சமைத்ததையும் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதியிருந்தார். மாவுருண்டை சூப், இரண்டு பேர். இறைச்சிக் கட்டி, இரண்டு பேர். நான் ஃப்ரெஸ்னோவில் இருந்த நாட்களிலும் இரண்டு பேர். அரிசோனாவில் இருந்த நாட்களிலும் இரண்டு பேர்.

"யார் அந்த இன்னொருத்தர்?"

"சூப்பு ஆறிடும். மேல போய் மூஞ்சி கழுவிட்டு வா."

படிக்கட்டில் குளிர் இருந்தது. அறைக்குள் குளிர் இல்லை.

முதலில் வந்தது வாசனை. ஒரு ஷிப்டில் நூறு தடவை நாங்கள் கையில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநாசினியின் கூர்மையான நெடி. ஜன்னலில் மிச்சமிருந்த நீல வெளிச்சத்தில் கட்டிலைப் பார்த்தேன். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை மடக்கித் தூங்கிய ஒருவரின் பள்ளம் மெத்தையில் இருந்தது. நான் அப்படித்தான் தூங்குவேன்.

கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

கதவில் தொங்கிய துண்டு ஈரம். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, ரப்பர் அடி. எடுத்துத் திருப்பினேன். இடது குதிகாலின் வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதில் கணுக்கால் முறிந்ததிலிருந்து என் செருப்புகள் எல்லாம் அதே இடத்தில்தான் தேயும்.

கீழேயிருந்து ஆர்டிஸின் குரல். "கொரின், சாப்பிட வா."

நான் வாயைத் திறக்கவில்லை.

"வர்றேன்."

பதில் படிக்கட்டிலிருந்து வந்தது. களைத்த குரல், இரட்டை ஷிப்ட் முடித்த குரல். என் குரல். அதற்குப் பின்னால் ஈர ரப்பர் மரப்படியில் கீச்சிடும் சத்தம். ஒரு படி, இன்னொரு படி, கீழே போய்க்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் அந்தச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. இறங்கி வந்தபோது மேசையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று ஆர்டிஸின் முன்னால். மற்றது பாதி காலியாக, கரண்டி உள்ளே சாய்ந்தபடி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் நிமிர்ந்தார். "அதுக்குள்ள ஏன் மேல போன? முழுசாக் குடிச்சிட்டுப் போகக் கூடாதா?"

அப்போதே ஓடியிருக்கலாம். காரும் பணமும் என்னுடையவை, வழியும் தெரியும். ஆனால் நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் காலண்டர்களைவிட நல்ல அத்தாட்சி யாரிடமும் இருக்காது.

என் இடைவெளி வாரங்கள் வந்த தாள்களை மட்டும் கிழித்தெடுத்தேன். பதினோரு வாரம். ஆர்டிஸ் அந்த அத்தாட்சிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடியில் என் உறுதிமொழி: இந்த நாட்களில் இந்த வீட்டில் வாழ்ந்தவள் நானே.

பேனாவை எடுத்தபோது, நான் இறங்கி வந்ததிலிருந்தே மேல்தளத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்த நடை நின்றது. தலைக்கு நேர் மேலே யாரோ காத்திருப்பதுபோல் ஓர் அமைதி.

கையெழுத்துப் போட்டேன்.

நடை மீண்டும் தொடங்கியது.

ஏப்ரலில் வரித்துறையின் பதில் வந்தது. கேள்வி ஏதும் இல்லை, விசாரணையை முடித்துவிட்டார்கள். செப்டம்பரில் வடக்கு டகோட்டாவிலேயே, மைனாட் நகரத்து ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. ஊர் எல்லையில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினேன். பத்திரத்தில் என் பெயர் மட்டும். சாவி ஒன்றே ஒன்று.

குடிபோகும் நாளில், பாதி வழியில் மழைக்குள் காரை ஓரம் நிறுத்தி ஆர்டிஸைப் போனில் கூப்பிட்டேன். இத்தனை மாதமும் வாடகையை மட்டும் அனுப்பிக்கொண்டு இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

"ஆர்டிஸ், அந்த அறை இனிமே எனக்கு வேண்டாம்."

"அதான் காலையில சொன்னியே. எத்தனை தடவை சொல்லுவ?"

ரோட்டில் ஒரு லாரி கடந்து போனது.

"என்ன சொன்னேன்?"

"சொந்த வீடு வாங்கிட்டேன், கிளம்புறேன்னு. போற அன்னைக்காச்சும் கிண்ணத்தை அலசி வெச்சியே, நல்லா இரு. மாடி வெறிச்சுன்னு இருக்கு, பொண்ணே." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்குக் காலண்டர்ல ஒரே ஆளுன்னு எழுதிட்டேன்," என்றார்.

வீட்டை அடைந்தபோது மழை நின்றிருந்தது. நான் இதுவரை ஏற்றியிராத சமையலறை விளக்கு எரிந்தது. கதவுக்கு வெளியே, மிதியடியில், ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஈரம் சொட்டியது. இடது குதிகால் சாய்ந்து தேய்ந்திருந்தது.

சாவி என் கையில்தான் இருந்தது. ஆனால் அதைப் பூட்டில் நுழைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

"வர்றேன்."