ஏழு மணி இரத்தம்

போன் அடித்தது.

கட்டிலில் கிடந்த இளையதம்பி அதை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. எழுபது வயது. செத்து இரண்டு நாள்.

கோப்பாயில் இருந்த அந்த வீட்டு அறைக்குள் நாற்றம் அடைத்து நின்றது. இடது காலில் புண் அழுகி எலும்பு தெரிந்தது. ஈக்கள் மொய்த்தன...

இன்ஸ்பெக்டர் றஜிந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, நான் நேர்ஸ் வித்தியா கதைக்கிறன்."

"ஐயா செத்துப்போனார். நான் பொலிஸ்."



"எப்பிடி...? இண்டைக்குக் காலமை ஏழு மணிக்கும் இரத்தத்திலை சீனி பாத்து, மெஷினைப் படமெடுத்து அனுப்பினவரே."

"ஆருக்கு அனுப்பினவர்?"

"எங்களுக்கு, சேர். சலரோகக்காரர், நீரிழிவு உள்ள ஆக்கள், தங்கடை வருத்தத்தைத் தாங்களே பாக்கிறதுக்கு ஒன்லைனிலை ஒரு திட்டம். ஒவ்வொரு நாளும் விரலைக் குத்தி, இரத்தம் பாத்து அனுப்புவினம். நாங்கள் மருந்தளவு சொல்லுவம். நெல்லியடியிலை இருக்கிற மகள் பிரதீபாதான் அவரைச் சேர்த்தவ. அந்தச் சீனி நம்பரை அவவும் பாப்பா."

"லைனிலை நில்லுங்கோ, தங்கச்சி."

வாசலில் மகன் சிவகரன் நின்றான். தகப்பனோடு அந்த வீட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான். பக்கத்து வீட்டார் நாற்றம் தாங்காமல் பொலிசுக்குச் சொல்லும்வரை வாய் திறக்காதவன்.

"அப்பா எப்ப செத்தவர்?"

"இண்டைக்குத்தான், சேர். ஏழு மணிக்கு நான்தான் சீனி பாத்தனான்."

சட்ட வைத்திய அதிகாரி கீர்த்திகா பிணத்தின் கையை உயர்த்தினார்.

"பொய். விரல்களிலை ஒரு குத்தும் இல்லை. பெருவிரலிலை மட்டும் மை. தோல் கழண்ட இடத்திலையும் மை இருக்கு. செத்தாப்பிறகு பூசினது."

றஜிந்தன் பிறிட்ஜைத் திறந்தார். இரண்டு மாத இன்சுலின். ஒரு குப்பிகூட உடைக்கவில்லை.

சிவகரனின் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"உம்மடை இரத்தத்தைக் காட்டிக்கொண்டு பெத்த தகப்பனை அழுக விட்டனீர்."

"வீட்டை அக்காவுக்கு எழுதப்போறன் எண்டு நிண்டார், சேர். நம்பர் போகாட்டி அக்கா ஓடி வந்திடுவா. அதுதான்..."

"மை?"

"என்ரை பேருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி வர ரெண்டு நாள் பிடிச்சுது. கைநாட்டு வைக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அதுவரைக்கும் நீர் எங்கை படுத்தனீர்?"

"பக்கத்து அறையிலை. ஃபேனைப் போட்டிட்டுப் படுத்தனான்."

றஜிந்தன் யன்னலால் காறித் துப்பினார்.

போனில் வித்தியா இன்னும் இருந்தாள்.

"சேர்... நான் எடுத்தது வேறை விசயத்துக்கு. ரெண்டு கிழமையா சீனி ஏறிக்கொண்டே வருது. இண்டைக்கு நானூற்றிப் பன்னிரண்டு. உடனை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டு சொல்லத்தான்... அப்ப, அது ஆரின்ரை இரத்தம்?"

எல்லாரும் சிவகரனைப் பார்த்தார்கள்.

"மெஷின் பழுது எண்டெல்லோ நினைச்சன்..." அவன் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். "டொக்டர், எனக்கு ஏதும் செய்யுமே?"

"இன்சுலின் போடாட்டி செய்யும்," என்றார் கீர்த்திகா.

றஜிந்தன் விலங்கை மாட்டினார்.

"பயப்பிடாதையும். மறியலிலை, சிறைக்குள்ளை, நேரத்துக்கு ஊசி போடுவினம். அங்கை உமக்கு மகன் ஒருத்தனும் இல்லைத்தானே."