நான்காம் தொட்டியின் மூச்சு

நான்காம் தொட்டியில் இருந்த முப்பத்தாறு மீன்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு நாளாக உருப்படியான தூக்கம் கிடையாது, கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். செவுள்மூடிகள் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. மீன் அப்படிச் செய்யாது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கண் சிமிட்டுகிற மாதிரிதான் அது, அவரவர் பாட்டுக்கு அவரவர் கணக்கு. பதினாறு வருஷமாக மீனுக்கு வைத்தியம் பார்க்கிறவள் அவள். இரண்டு மீன்கள்கூட நாலு மூச்சுக்கு மேல் சேர்ந்து விட்டுப் பார்த்ததில்லை.

காற்றுக் குழாய் விட்டுவிட்டுத் தள்ளுகிறது, அந்த அதிர்வுதான் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். சொன்ன காரணம் அவளுக்கே ஒட்டவில்லை.

வெளியே நல்ல வெயில். மணி பத்தே முக்கால். ஆனால் குஞ்சு பொரிக்கிற அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. தாய்மீன்கள் வெளிச்சத்துக்கு மிரண்டால் முட்டையைக் கெடுத்துக்கொள்ளும் என்பதால், உள்ளே எந்நேரமும் அழுக்கு மஞ்சளாக ஒரு விளக்கு எரியும், ஈரத் தகரமும் பாசியும் தீவனத் தூளும் கலந்த வாடை தொண்டையில் போய் உட்காரும், சுவரோரக் குழாய்களில் எப்போதும் யாரோ பக்கத்து அறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது போல ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக அவளுக்கு அந்த முணுமுணுப்பு பிடிக்கும். இன்றைக்கு ஏனோ, பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் வந்த வேலை நல்ல வேலை இல்லை. நேற்று மாலை பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. நான்காம் தொட்டியில் கிருமி. அதற்கு மருந்து கிடையாது. பார்வைக்கு மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன, அதுதான் கொடுமை. ஆனால் அந்தத் தொட்டித் தண்ணீர் குஞ்சுத் தொட்டிகளுக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலில் விழுந்து, ஆற்றுக்குப் போகும். ஆற்றை நம்பி எத்தனை பேர் வலை வீசுகிறார்கள். ஆகவே தாய்மீன்கள் முப்பத்தாறையும் மயக்க மருந்து கொடுத்து ஒரேயடியாகத் தூங்கவைத்து, சுண்ணாம்புப் பெட்டிகளில் அடைத்து, மதியத்துக்குள் வருகிற லாரியில் எரிக்க அனுப்பியாக வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்குக் கையெழுத்துப் போடக்கூடிய மீன் டாக்டர் அவள் ஒருத்திதான்.

இல்லாவிட்டால் இன்று அவள் ஆஸ்பத்திரியை விட்டு அசைந்திருக்கவே மாட்டாள். அப்பாவுக்குத் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்து இன்றோடு ஆறு நாள். இன்றைக்கும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா போனபோது அவள் எங்கோ ஒரு குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் கடைசி மூச்சுக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று தம்பியிடம் மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அப்பா ஒரு தனி ரகம். அவள் மீன் வைத்தியம் படிக்கப் போகிறாள் என்றதும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "என் பொண்ணு டாக்டர். ஊசி போட்டா அழாதவங்களுக்கு மட்டும்தான் பாக்கறா" என்று சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே முதல் ஆளாகச் சிரிப்பார்.

அவள் நான்காம் தொட்டிக்குப் போகும் காற்று வால்வை மூடினாள். குமிழிகள் அடங்கின. தண்ணீர் கண்ணாடியாக நின்றது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

மீன்கள் நிறுத்தவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். எதுவுமே புரியாதபோது எண்ணுவதுதான் அவள் தொழிலில் முதல் பாடம். முதல் மூச்சு சின்னது, மூடி அசைந்ததா என்றே சந்தேகம். அடுத்தது கொஞ்சம் பெரிது. அடுத்தது இன்னும் பெரிது. ஐந்தாவதில் செவுள் சிவப்பு முழுக்கத் தெரிகிற அளவுக்கு முப்பத்தாறும் விரியத் திறந்தன. பிறகு அதேபோலக் குறைந்து, குறைந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று. தொட்டி முழுக்க ஓர் அசைவும் இல்லை. பத்து விநாடி. பதினைந்து. எந்த மீனும் சும்மா இருக்கும்போது இத்தனை நேரம் மூச்சை நிறுத்தாது. பதினெட்டாவது விநாடியில் மறுபடி அந்தச் சின்ன மூச்சு வந்தது.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். ஆறு ராத்திரி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடைவெளியிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணிய கணக்கு. சாகக் கிடக்கிறவர்கள் சிலர் அப்படித்தான் மூச்சு விடுவார்கள் என்று டாக்டர் விளக்கியிருந்தார். ஐந்து படி ஏறும், ஐந்து படி இறங்கும், பதினெட்டு விநாடி நிற்கும்.

அது அப்பாவின் மூச்சு.

பைத்தியமா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொட்டகைக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது, வாசற்படியில் நின்றால்தான் கிடைக்கும். அங்கே போய் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். அங்கிருந்து பத்தடியில் நான்காம் தொட்டி. உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியேதான் இருக்கிறார், நீ வேலையை முடித்துவிட்டு நிதானமாக வா என்றான் தம்பி. குரல் கட்டியிருந்தது, அவனும் தூங்கவில்லை.

"போனை அப்பா வாய்கிட்ட வை."

"எதுக்குக்கா?"

"வைடா. சொல்றேன்ல."

ஏதோ உரசியது. பிறகு, மிக அருகில், அந்தக் கரகரப்பு. சின்னது. கொஞ்சம் பெரிது. அவள் தொட்டியைப் பார்த்தாள். செவுள்கள் திறந்தன. காதில் மூச்சு ஏற ஏறக் கண்ணெதிரே செவுள்கள் விரிந்தன. இறங்க இறங்கச் சுருங்கின. ஓர் இமைப்பொழுதுகூட முன்பின் இல்லை. காதில் மூச்சு நின்றது. தொட்டியும் நின்றது. அவள் எண்ணினாள். பதினெட்டில் இரண்டும் சேர்ந்து தொடங்கின. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அங்கேயே நின்றாள். இன்னொரு தடவை. வெயில் முதுகைச் சுட்டது. இந்த மீன்களை இன்றைக்குத் தொடக்கூடாது, யார் என்ன சொன்னாலும் சரி, லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அப்போதுதான் தொட்டியின் மறுபக்கம் நுரை தெரிந்தது.

தொட்டிக்காரர் மயக்க மருந்தின் நான்காவது கேனைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். அந்தப் பண்ணையில் இருபது வருஷமாக இருக்கிற மனிதர், எதையும் பத்து தரம் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார்.

"யார் ஊத்தச் சொன்னது?"

"நீங்கதான் டாக்டரம்மா. பதினோரு மணி ஆனா ஊத்துங்க, என்னைக் கேக்காதீங்கன்னு காலையில சொன்னீங்களே."

சொல்லியிருந்தாள். தூக்கமில்லாத எரிச்சலில், கொஞ்சம் வள்ளென்றே சொல்லியிருந்தாள். மணி பதினொன்று நாலு.

போன் காதில்தான் இருந்தது. மூச்சு ஏறவில்லை. ஐந்து படி இல்லை, மூன்று படிதான். தண்ணீரில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயத் தொடங்கின, வெள்ளை வயிறுகள் மேலே வந்தன. "அக்கா" என்றான் தம்பி, "ஒரு மாதிரி இருக்குக்கா."

போனை வாசற்படியில் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை. புதுத் தண்ணீரைத் திறங்க, எல்லாக் குழாயையும் திறங்க என்று கத்திக்கொண்டே செருப்போடு தொட்டிக்குள் இறங்கினாள். மயங்கின மீனை மீட்க ஒரே வழிதான் உண்டு. இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீருக்குள் முன்னோக்கியே தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்; வாய் வழியாகத் தண்ணீர் போய்ச் செவுள் வழியாக வர வேண்டும். கைக்கு அகப்பட்ட மீனை அணைத்துக்கொண்டு நடந்தாள். வட்டத் தொட்டி. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மற்றவை அவள் இடுப்பில் வந்து மோதின, வழுக்கின, விலகின. மூன்றாவது சுற்றில் கையில் இருந்தது ஒரு மூச்சு விட்டது.

வாசற்படியிலிருந்து அதே நேரம் கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது.

நடந்தாள். இன்னொன்று. நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள், அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே. இருப்பது இரண்டு கை. மீன் முப்பத்தாறு. தொட்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது கனத்தது. மூச்சு சின்னதாயிற்று. இன்னும் சின்னது. நின்றது.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

முப்பது.

வாசற்படியில் யார் யாரோ பேசும் சத்தம், செருப்புச் சத்தம். பிறகு தம்பியின் குரல், சின்னப் பையனாக இருந்தபோது இருந்த குரல்.

"அக்கா. அப்பா போயிட்டார்க்கா."

அவளை யார் தொட்டியிலிருந்து மேலே ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. நனைந்த துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ போனை எடுத்து வந்து கையில் கொடுத்திருந்தார்கள். லாரி வந்துவிட்டது. நீல உடுப்புப் போட்ட இரண்டு பேர் வலையால் மீன்களை அள்ளி, சுண்ணாம்புத் தூள் கொட்டின பெட்டிகளில் அடுக்கி, மேலேயும் தூளைத் தூவினார்கள். பெட்டிக்கு ஆறு, ஆறு பெட்டி. இந்தக் கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காதே, தம்பி எப்படிக் காதுக்குள் அழுதுகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைசிச் செவுள் அசைவுக்குப் பிறகு பத்து நிமிஷம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அது விதி. கடிகாரப்படி பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நீல உடுப்புக்காரர் ஒருவர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் போட்டாள். எங்கே போட்டாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

முதல் பெட்டியிலிருந்து ஈரமாக ஒரு சத்தம் வந்தது.

சின்னது.

அடுத்த பெட்டியிலும். அடுத்ததிலும். ஆறு பெட்டியிலும் சேர்ந்து.

கொஞ்சம் பெரிது.

நீல உடுப்புக்காரர் கையில் மூடியோடு அப்படியே நின்றார். வெள்ளைத் தூளுக்குள் செவுள்மூடிகள் எழும்பின. தூள் சரிந்தது. உள்ளே சிவப்பு. இன்னும் பெரிது. ஐந்து படி ஏறிற்று. ஐந்து படி இறங்கிற்று. நின்றது. அவள் உதடு தானாக எண்ணியது. பதினெட்டு. மறுபடி தொடங்கிற்று.

"துணி போட்டு மூடிட்டாங்கக்கா" என்றான் தம்பி. "நீ எங்க இருக்க? எப்ப வர?"

"அப்பாகூடத்தான்டா இருக்கேன்" என்றாள் அவள்.

செவுள்கள் காயத் தொடங்கியிருந்தன. ஒட்டிக்கொண்டு, பிய்ந்துகொண்டு திறந்தன. தண்ணீர் இல்லாமல் எத்தனை நேரம் தாங்கும்? எழுந்தாள். தரை கழுவுகிற குழாயை இழுத்தாள். முழுக்கத் திறந்தாள். தொட்டிக்காரர் பாய்ந்து வந்தார், டாக்டரம்மா வேண்டாம், அது சுட்ட சுண்ணாம்பு, தண்ணி படக்கூடாது என்று கத்தினார். அவளுக்குக் காதில் விழவில்லை. முதல் பெட்டி. இரண்டாவது. ஓடி ஓடி ஊற்றினாள். ஆறாவது பெட்டிவரை ஊற்றினாள்.

உஸ்ஸென்று ஆவி எழும்பியது. பெட்டிகள் ஆறும் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கின. அந்தக் கொதிக்கிற வெள்ளைக்குள் முப்பத்தாறு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. திறந்தபடியே இருந்தன.