மார்த்தாவின் அப்பா

பேய் வேஷம் போடும் ஹாலோவீன் நாளன்று மதியம் நான் சந்தைக் கூடத்துக்கு வந்தபோது, வாசலில் ஒரு நாய் சூனியக்காரித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் இருந்த வெறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே ஒரே கூச்சல். மீன்கடையின் பளிங்கு மேடையைக் கழுவிவிட்டுப் பிள்ளைகள் அதன்மேல் பரங்கிக்காய் குடைந்துகொண்டிருந்தார்கள். தகரத் தொட்டியில் மிதந்த ஆப்பிள்களை வாயால் கவ்வப் போய் ஒருவன் மூக்கில் தண்ணீர் ஏறி அலறினான். முகத்தில் சாயம் பூசிக்கொள்ள ஒரு வரிசை நின்றது. இரும்புத் தூண்களுக்கு மேலே, கண்ணாடிக் கூரையில் புறாக்கள் இடம் தெரியாமல் அலைந்தன. கூடம் முழுக்க, பச்சைப் பரங்கிக்காயும் அணைத்த மெழுகுத்திரியும் கலந்த வாடை.

நான் அங்கே பெருக்குகிறவன். அதற்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். ஒருநாள் பாதி வேலையில் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பகலில் தூங்குகிற மனிதனை உலகம் சீக்கிரம் மறந்துவிடுகிறது. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

என் மனைவி கெர்ரியும் நானும் அதற்குள் பிரிந்திருந்தோம். மகள் மார்த்தா அவளோடு இருக்கிறாள். என் வீட்டில் தங்க வந்தால் தூங்கமாட்டாள். அழுது அழுது, அம்மாவிடம் கொண்டுபோய் விடச் சொல்வாள். கோடைக்குப் பிறகு அவள் வரவே இல்லை. அன்று காலைதான் கெர்ரி போன் செய்தாள்.

"இன்னிக்கு அவளைச் சந்தைக்குக் கூட்டிட்டு வர்றேன் கிரெய்க். சிரிச்சுக்கிட்டே திரும்புனான்னா, அடுத்த சனிக்கிழமை உன் வீட்ல தங்கட்டும். அழுதான்னா இத்தோட விட்ருவோம். குழந்தையைப் போட்டு இழுத்தடிக்க என்னால முடியாது."

"சரி."

"நீ அங்க என்ன பண்ற?"

"நிலவறையில பேய் வேஷம்."

"அடப்பாவி. போயும் போயும் அதுதான் கிடைச்சுதா?"

கூடத்துக்கு அடியில் இருக்கும் நிலவறையில் ஒரு காலத்தில் இறைச்சியும் சீஸும் அடுக்கியிருந்தார்கள். தாழ்வான செங்கல் வளைவுகள். கையை வைத்தால் ஒட்டிக்கொள்கிற ஈரம். சுவருக்குப் பின்னால் மூடிய ஓடை ஒன்று ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சுவிடுவது போன்ற சத்தம் அது.

வருடாவருடம் கடைக்காரர்கள்தான் பேய்கள். கடை மூடும்போது சரக்குமேல் போர்த்துகிற வெள்ளைத் துணிதான் வேஷம். சின்னப் பிள்ளைகள் வருவதால் ஒரே ஒரு விதி உண்டு. எந்தப் பிள்ளையாவது பயந்துபோய் "விளக்கு!" என்று கத்தினால் விளக்கைப் போட்டுவிட வேண்டும். பேய்கள் துணியை எடுத்துவிட்டு, பெயரையும் கடையையும் சொல்ல வேண்டும். அப்புறம் மிட்டாய். பேய் என்பது தினமும் பார்க்கிற ஆள்தான் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை இரவில் தூங்கிவிடும்.

எனக்குக் கடை கிடையாது.

"நீ என்னடா சொல்லப்போற?" என்றான் கறிக்கடை வின்ஸ், துணியைத் தலையில் மாட்டிக்கொண்டே. "நான் கிரெய்க், துடைப்பம்னா?"

"நீ வாயை மூடு. கறிக்கடைன்னு நீ சொல்றதுல பாதி பிள்ளைங்க திரும்பவும் அழுவுது," என்றாள் சீஸ் கடை மொரீன். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாப்பா வருதாமே கண்ணு? பேசாம அப்பான்னு சொல்லிரு. வேற என்ன?"

தலையை ஆட்டினேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள், போனார்கள். விளக்கு இரண்டொரு முறை எரிந்தது. அந்த நேரங்களில் என் முறை வருவதற்குள் பிள்ளைகள் மிட்டாய்க்கு ஓடிவிட்டார்கள். மேலே கூரைக் கண்ணாடி கறுத்த பிறகு, கடைசியாகப் படியில் கெர்ரியின் குரல் கேட்டது.

"நீ போ செல்லம். அம்மா இங்கயேதான் நிக்கிறேன்."

படியை ஒட்டி, விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வின்ஸ். நடு வளைவில் மொரீன். அவளைத் தாண்டி நான். எனக்குப் பின்னால் ஒரே ஒரு வளைவு, அதன் முடிவில் வெறும் சுவர்.

சின்னக் காலடிகள். வின்ஸ் உறுமினான். மார்த்தா சிரித்தாள். மொரீன் முனகினாள். அதற்கும் சிரித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. பயமுறுத்தக் கூடாது என்று அசையாமல் நின்றேன்.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சிரிப்பு நின்றது. துணிக்குள் எனக்கு என் மூச்சு மட்டும் கேட்டது.

"விளக்கு," என்றாள் மெதுவாக. பிறகு அழுகையோடு கத்தினாள். "விளக்கு!"

வின்ஸ் சுவிட்சைத் தட்டினான். பழைய குழல்விளக்கு. பிடித்து எரிவதற்கு முன் நெடுநேரம் கண்ணைச் சிமிட்டும்.

"நான் வின்ஸ், கறிக்கடை!"

"நான் மொரீன் கண்ணு, சீஸ் கடை!"

என் முறை. துணியை இரண்டு கையாலும் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் அழுதால்? ஒரு மூச்சு விடும் நேரம்தான் தயங்கினேன்.

"நான் மார்த்தாவோட அப்பா."

என் குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அது எனக்குப் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து வந்தது. நான் சொல்லியிருந்தால் திக்கியிருப்பேன். அது திக்கவில்லை.

விளக்கு சிமிட்டியது. மார்த்தா என்னைத் தாண்டி ஓடினாள். அவள் கை என் துணியில் உரசியது.

இருட்டு.

மறுபடி சிமிட்டியபோது, சுவரோரம் ஒரு வெள்ளைத் துணி குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டிருந்தது. துணிக்குள் கைகள் நீளமாக இருந்தன, என் கைகளைவிட நீளம். மார்த்தா அதன் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

இருட்டு.

ஓடையின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

விளக்கு பிடித்து எரிந்தபோது அவள் சுவரோரம் தனியாக நின்றாள். காலடியில் ஒரு துணி, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்டதுபோல் நனைந்து கிடந்தது. வின்ஸின் துணி அவன் கையில். மொரீனின் துணி அவள் தோளில். என்னுடையது இன்னும் என் தலையில்.

மார்த்தாவின் கண்ணில் நீர் காயவில்லை. ஆனால் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் துணியை உருவினேன்.

"அதுக்குள்ள எப்படிடா அங்க போய்ட்டுத் திரும்பி வந்த?" என்றாள் மொரீன். குரலில் பாதிதான் விளையாட்டு.

கெர்ரி படியிலிருந்து இறங்கி வந்தாள். "தூக்கினவுடனே அழுகையை நிறுத்திட்டாளே. என்கிட்டகூட இவ்வளவு சீக்கிரம் நிறுத்தமாட்டா." என் முகத்தைப் பார்த்தாள். "நீதானே, கிரெய்க்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மார்த்தாவைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். அப்புறம் சனிக்கிழமையும் இல்லை, எதுவும் இல்லை.

"நான்தான்," என்றேன்.

சுவருக்குப் பின்னால் ஓடை மறுபடி மூச்சுவிடத் தொடங்கியது.

மேலே வந்ததும் மார்த்தாவின் கையைப் பிடித்தேன். பார்த்தாள், உருவிக்கொண்டாள்.

"ஏன் செல்லம்?"

"உன் கை சூடா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை கெர்ரி அவளை என் குடியிருப்பு வாசலில் விட்டுவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்தப் போனேன். மார்த்தா தடுத்தாள். பின்னால் யாரோ மெதுவாக நடந்து வருவதுபோலக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "ம், இப்ப சாத்து," என்றாள்.

நடைவழிக் கம்பளத்தில் ஈரம் கோடாக இழுத்திருந்தது. துடைத்தேன். வேலை அதுதானே.

இரவு உணவுக்கு மீன் வறுவலும் பட்டாணியும். நன்றாகச் சாப்பிட்டாள். படுக்கையில் விட்டுக் கதை சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், மரியாதையாக, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வதுபோல.

கதவைப் பாதி சாத்திவிட்டு அறைக்கு வெளியே நடைவழியில் நின்றேன். பழைய சனிக்கிழமைகளில் இந்த நேரத்துக்கு அழுகை தொடங்கிவிடும்.

அழுகை வரவில்லை.

குரல் வந்தது. என் குரல். கதை சொன்னது. எனக்குத் தெரியாத கதை. ஓடைக்கு அடியில் வீடு கட்டி வாழ்கிற ஒருவனைப் பற்றி. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மார்த்தா கேள்வி கேட்டாள். அது பொறுமையாகப் பதில் சொன்னது.

உள்ளே போய்க் கத்தியிருக்க வேண்டும். மகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். எங்கே ஓடுவது? கெர்ரியிடமா? என்ன சொல்வது?

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நானும் கதையைக் கேட்டேன். எனக்கும் யாரும் நெடுநாளாகக் கதை சொல்லியிருக்கவில்லை.

குரல் ஓய்ந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து கதவைத் தள்ளினேன். உள்ளே ஈரச் செங்கல் வாடை. மார்த்தா கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்கிப் படுத்திருந்தாள், கண் விழித்தபடி. அவளுக்குப் பக்கத்தில் போர்வை நெடுக உயர்ந்திருந்தது. மெதுவாக ஏறியது, இறங்கியது.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்," என்றாள். "அப்பா இப்பத்தான் தூங்கினார்."